மிடில்செக்ஸ் சீனியர் கிண்ண ஆட்டம் எங்கள் மைதானத்தில்: அயலவரை என்ன சொல்லி அழைப்பது?

தென்ஹாரோவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வடமேற்கு இலண்டனில், ஹாரோப் பகுதியில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் மகள் அருகிலுள்ள ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தின் பெண்பிள்ளைகள் அணியில் சேர்ந்த பிறகு, அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது மட்டுமே என் வேலையாக இருந்தது. கொடிக்கம்பம் நடுவதற்கு ஒரு நாள் கைகொடுக்கப் போய், இப்போது தொண்டர் பட்டியலிலும் என் பெயர் ஏறிவிட்டது. கழகத்தின் ஆண்கள் முதல் அணி, பிரிமியர் லீக்கை முதற்படியாக வைத்து எண்ணினால் எட்டாவது படியில் ஆடுகிறது. செயற்குழுவில் நான் புதியவன் என்பதால் கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு மிடில்செக்ஸ் சீனியர் கிண்ணத்தின் ஆட்டமொன்று எங்கள் மைதானத்தில் நடக்க இருக்கிறது. அதற்கான கூட்டத்தில் செயலாளர் என்னைப் பார்த்து, "இந்தச் சுற்றுவட்டத் தெருக்களில் எத்தனையோ வீடுகள் உங்கள் மக்களுடையவை, ஆனால் வாயிலில் அவர்களில் ஒருவரையும் நான் கண்டதில்லை" என்றார். குற்றம் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லையென்றாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் அழைத்து வருகிறேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒருவர், மிடில்செக்ஸ் என்பது கிரிக்கெட் அணியல்லவா, அப்படியொரு மாவட்டம் வரைபடத்திலேயே இல்லையே என்கிறார். இன்னொருவர், தொலைக்காட்சியில் ஆர்சனலைப் பார்க்கும் நேரத்தில் குளிரில் நின்று யாரென்றே தெரியாதவர்களின் ஆட்டத்தை ஏன் பார்க்க வேண்டும் என்கிறார். மது அருந்துபவர்களுக்கு நடுவே பிள்ளைகளை எப்படி அழைத்து வருவது என்று என் மனைவியின் தோழி கேட்கிறார். இவற்றுக்கு எனக்கே தெளிவான விடை தெரியாது. இந்தக் கிண்ணம் உண்மையில் என்ன, கழகத்துக்கு இதனால் வருமானம் உண்டா, வருகிறவர்களுக்கு எதை உறுதியாகச் சொல்லலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். எங்கள் வீடுகளிலிருந்து சிற்றுண்டி செய்து விற்கலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய மத்தியஸ்தர்

தம்பி, இலண்டனின் மேற்குப் பகுதிகளில் பல ஆண்டுகள் மத்தியஸ்தராக, அதாவது ஆட்ட நடுவராக, ஓடியவன் என்ற முறையில், உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் அயலவர் சொல்வது பாதி சரிதான். மிடில்செக்ஸ் கவுண்டி மன்றம் 1965 ஏப்ரல் 1ஆம் தேதியோடு இல்லாமற்போயிற்று. அதன் பெரும்பகுதி பெருநகர் இலண்டனுக்குள் போக, ஸ்டெய்ன்ஸ், சன்பரி போன்ற தென்மேற்கு ஊர்கள் சர்ரேயிலும், பொட்டர்ஸ் பார் ஹார்ட்ஃபர்ட்ஷயரிலும் சேர்க்கப்பட்டன. ஆனால் விளையாட்டு இந்த நிர்வாக மாற்றத்தைக் கண்டுகொள்ளவேயில்லை. லோர்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் மிடில்செக்ஸ் அணி எப்படி நிலைத்திருக்கிறதோ, அப்படியே 1883இல் தொடங்கிய மிடில்செக்ஸ் உதைபந்தாட்டச் சங்கமும், 1888இல் அந்தக் கவுண்டியின் (மாவட்டத்தின்) கழகங்களுக்காக அது தொடக்கிய சீனியர் கிண்ணமும் இன்றுவரை நடக்கின்றன. ஆஷ்ஃபர்ட் என்ற ஊர் சர்ரேக்குப் போய் அறுபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் கென்ட்டில் அதே பெயரில் வேறோர் ஊர் இருப்பதால், அங்குள்ள கழகம் தன்னை இன்றும் 'ஆஷ்ஃபர்ட் டவுன், மிடில்செக்ஸ்' என்றே எழுதிக்கொள்கிறது. இல்லாத மாவட்டத்தைப் பெயரில் சுமந்துகொண்டு வேறொரு மாவட்டத்தில் ஆடும் கழகத்தை உங்கள் அயலவருக்குச் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

இந்தக் கிண்ணங்களை லீக்குகளுக்குப் பின்னர் ஒட்டவைத்த சில்லறைப் போட்டிகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நடந்தது வேறு. பர்மிங்காம் சீனியர் கிண்ணம் 1876இலும் இலண்டன் சீனியர் கிண்ணம் 1882இலும் தொடங்கிவிட்டன. லீக் என்ற முறையோ 1888இல்தான் வந்தது. அதில் சேர்ந்த பன்னிரண்டு கழகங்களும் இங்கிலாந்தின் வடக்கையும் நடுப்பகுதியையும் சேர்ந்தவை. இலண்டன் பக்கத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆகவே அக்காலத்தில் இந்தப் பகுதிக் கழகம் ஒன்றுக்கு வெற்றிதோல்வி உள்ள ஆட்டம் என்றால் அது கிண்ண ஆட்டம்தான். மற்றவையெல்லாம் நட்புக்காக ஆடியவை.

மிடில்செக்ஸ் கழகங்களின் நல்ல காலம் எது என்று கேட்டால், மாவட்டம் மறைந்த அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடலாம். ஊதியம் பெறாத வீரர்களுக்கென்று நடந்த அமெச்சூர் கிண்ணத்தை 1965இல் ஹெண்டனும் 1966இல் வீல்ட்ஸ்டோனும் 1967இல் என்ஃபீல்டும் வென்றன. மூன்றும் மிடில்செக்ஸ் கழகங்கள். இறுதியாட்டங்கள் வழக்கமாக நடந்த வெம்பிளியும் பழைய மிடில்செக்ஸ்தான். 1974இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையையே இங்கிலாந்துச் சங்கம் நீக்கியபோது அந்தக் கிண்ணம் முடிவுக்கு வந்தது. கவுண்டிக் கிண்ணங்கள் மட்டும் தொடர்ந்தன.

வீரர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிவேல் பக்கம் போகிறவர்கள் அந்த வெள்ளை ஹூவர் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். ஹூவர் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டே சவுத்ஹால் கழகத்துக்கு ஆடியவர் அலன் டெவன்ஷயர். 1976இல் தொழில்முறைக் கழகமான வெஸ்ட் ஹாம் அவரை வாங்கியது, 1980இல் இங்கிலாந்து முழுவதற்குமான எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். ஹேய்ஸ் கழகத்திலிருந்து சிரில் ரெஜிஸ் 1977இல் வெஸ்ட் புரோம்விச்சுக்குப் போனார். பத்து ஆண்டுகள் கழித்து அதே ஹேய்ஸிலிருந்து லெஸ் ஃபெர்டினன்ட் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். வீல்ட்ஸ்டோனில் ஆடிக்கொண்டே மின்தொழிலாளராக இருந்த ஸ்டுவர்ட் பியர்ஸ், பின்னர் இங்கிலாந்துக்கு இடதுபுறப் பின்காவலராக ஆடினார். உங்கள் மைதானத்தில் அடுத்த மாதம் ஆடப்போகிறவர்களில் இப்படி ஒருவர் இருப்பார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருக்க மாட்டார். ஆனால் இவர்களெல்லாம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பேருந்தில் போகக்கூடிய தூரத்துக் கழகங்களில் ஆடியவர்கள் என்பது அயலவருக்குத் தெரிந்திருக்கலாம்.

காவிரிக்கரை சட்டன்காரன்

மேலே எழுதிய ஐயாவின் வரலாறு அருமை. ஆனால் கேள்வி கேட்ட நண்பருக்கு ஓர் எச்சரிக்கை தேவை என்று நினைக்கிறேன்: ஆட்டத்தின் தரத்தைப் பற்றி எதையும் மிகைப்படுத்திச் சொல்லி ஆட்களை அழைக்காதீர்கள்.

நான் திருச்சியிலிருந்து வந்து, தேம்ஸின் தென்புறத்தில் சட்டனில் வசிக்கிறேன். எங்கள் ஊர்க் கழகமான சட்டன் யுனைடெட், 1989 ஜனவரி 7ஆம் தேதி, அப்போது முதற் பிரிவில் இருந்த கவென்ட்ரி சிட்டியை 2-1 என்று வென்றது. கவென்ட்ரி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றிருந்தது. அந்தக் கதையை எனக்குச் சொல்லாத சட்டன் ஆதரவாளர் ஒருவர்கூட இல்லை. 2017 பிப்ரவரியில் அதே கேண்டர் கிரீன் லேன் மைதானத்துக்கு ஆர்சனல் வந்து 2-0 என்று வென்று போனதை நானே நின்று பார்த்தேன். அன்றைக்குத் தெருவே அடைத்துப்போயிருந்தது. அந்த மயக்கத்திலேயே, பிறகொரு நாள் சர்ரே சீனியர் கிண்ண ஆட்டத்துக்கு அலுவலக நண்பர்கள் நால்வரைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பியில் சாய்ந்து நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது. எங்கள் அணியில் வழக்கமாக ஆடுகிறவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. இளைஞர் அணிப் பையன்களும் காயத்திலிருந்து மீண்டுவரும் ஒருவரும் ஆடினார்கள். நண்பர்கள் இடைவேளையில் காருக்குத் திரும்பிவிட்டார்கள். தவறு கழகத்தினுடையது அல்ல, எஃப்.ஏ. கிண்ண இரவு ஒன்றை எதிர்பார்க்கும்படி அவர்களிடம் பேசியிருந்த என்னுடையதுதான்.

இதற்குக் காரணமும் இருக்கிறது. லீக் ஆட்டங்கள், எஃப்.ஏ. கிண்ணம், கீழ்ப்படிக் கழகங்களுக்கான எஃப்.ஏ. டிராஃபி ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிய பிறகே கவுண்டிக் கிண்ணத்துக்கு நாள் கிடைக்கும். அதனால்தான் அது பெரும்பாலும் செவ்வாய் போன்ற வார நாள் இரவில் வந்து நிற்கிறது. சனிக்கிழமை ஒரு லீக் ஆட்டம் ஆடிவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் ஆட வேண்டிய அணியின் பயிற்சியாளர், அதுவும் பகலில் வேறு வேலை பார்க்கும் வீரர்களை வைத்திருப்பவர், இடையில் வரும் இந்த ஆட்டத்தில் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பதில் வியப்பில்லை. இதில் வென்றாலும் அதனால் மேல் லீக்குக்கு உயர்வு கிடைக்காது. பெரிய பரிசுத் தொகையும் கிடையாது. ஆகவே சமநிலையில் முடிந்தால் பல கவுண்டிகளில் கூடுதல் நேரம்கூட இல்லாமல் நேராகப் பெனால்டிக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, பிறகு ஏன் நான் இன்னும் போகிறேன் என்று கேட்பீர்கள். தொலைக்காட்சியில் ஒருபோதும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: அருகாமை. பந்து உதைபடும் சத்தம், கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டுவது, பக்கக்கோட்டு நடுவர் பெருமூச்சு விடுவது எல்லாம் காதில் விழும். இருதரப்பு ஆதரவாளர்களையும் பிரித்து நிறுத்துவது கிடையாது. இடைவேளையில் எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி நடந்து, தங்கள் அணி இரண்டாம் பாதியில் கோல் போடப்போகும் பக்கத்துக்கு மாறி நின்றுகொள்வார்கள். என் மகனுக்கு ஆட்டத்தைவிட அந்த நடைதான் பிடித்தது. அதைச் சொல்லி அழையுங்கள். ஆர்சனலோடு ஒப்பிட்டு அழைக்காதீர்கள்.

இன்னொன்று, வானிலை. உங்கள் பக்கத்து மண் இலண்டன் களிமண். இரண்டு நாள் மழை பெய்தால் நீர் இறங்காது. ஆட்டத்தன்று பிற்பகலில் மைதானத்தைப் பார்வையிட்டு ரத்து செய்துவிடுவது குளிர்காலத்தில் அடிக்கடி நடக்கும். இதனால்தான் பல சிறு கழகங்கள் செயற்கைப் புல்லுக்கு மாறின. எங்கள் கழகமும் மாறியது. ஆனால் 2021இல் நான்காம் படிக்கு உயர்ந்தபோது, அந்த லீக்கில் செயற்கைத் தரைக்கு அனுமதி இல்லையென்று அதைப் பெயர்த்தெடுத்துப் புல் பதிக்க வேண்டியதாயிற்று. உயர்வுக்கு இப்படியும் ஒரு விலை! உங்கள் மைதானம் இயற்கைப் புல் என்றால், அழைத்த எல்லாருக்கும் ஆட்டத்தன்று பிற்பகல் ஒரு செய்தி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். ஒரு முறை பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பியவர் மறுமுறை வர மாட்டார்.

தேநீர்ச் சாளரம்

வணக்கம். நான் வேறொரு கழகத்தில் ஆறு ஆண்டுகளாகத் தேநீர்ச் சாளரத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறேன். ஆண்கள் இருவரும் ஆட்டத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். சமையலறையையும் கணக்கையும் நான் சொல்கிறேன்.

முதலில் வருமானம். லீக் ஆட்டத்தில் வாயிற் பணம் வீட்டுக் கழகத்துக்கே சேரும். கிண்ண ஆட்டத்தில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். நான் பார்த்த கிண்ண விதிகளில், வசூலிலிருந்து மத்தியஸ்தர்களின் கட்டணம் போன்ற அனுமதிக்கப்பட்ட செலவுகளைக் கழித்து, மீதியை இரு கழகங்களும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளும்படி இருந்தது. ஒவ்வொரு சங்கத்தின் விதியும் ஆண்டுக்காண்டு மாறக்கூடும் என்பதால், உங்கள் செயலாளரிடம் இந்தப் பருவத்தின் கிண்ண விதிப்புத்தகத்தை வாங்கி, வாயிற் பணம் பற்றிய பகுதியை நீங்களே வாசியுங்கள். விளக்குக் கம்பங்களுக்கு ஆகும் மின்செலவையும் எண்ணிப் பார்த்தால், கூட்டம் குறைந்த கிண்ண இரவு ஒன்று கழகத்துக்கு நட்டத்தில்கூட முடியலாம். இதில் வீட்டுக் கழகத்தின் கையில் நிற்பது தேநீர், சிற்றுண்டி, மதுச்சாலை, சீட்டிழுப்பு ஆகியவற்றின் பணம்தான். ஆகவே உங்கள் அயலவர் பத்துப் பேர் வந்தால் வாயிலில் கிடைப்பதைவிட, அந்தப் பத்துப் பேரும் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது கழகத்துக்கு முக்கியம்.

சீட்டிழுப்பைப் பற்றி யாராவது கேட்டால், நிகழ்விடத்திலேயே சீட்டு விற்று, கழகம் போன்ற இலாப நோக்கற்ற காரியத்துக்காக நடத்தும் சீட்டிழுப்புக்கு 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. ஆனால் அந்தச் சீட்டுகளை முதல் நாளே கடைகளில் கொடுத்து விற்றால் கதை வேறு.

இனி உணவு. வீட்டில் செய்து கொண்டுவந்து விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு முறை என்றால் பெரிய தடை இருக்காது. அடிக்கடி செய்வதானால் அது உணவு வணிகமாகக் கருதப்படும். தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே உள்ளூர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். எளிய வழி, ஏற்கெனவே பதிவு பெற்ற கழகத்தின் சமையலறையிலேயே, அதன் பொறுப்பாளரின் கண்காணிப்பில் சுடவைத்துக் கொடுப்பதுதான். சூடாக வைத்து விற்கும் உணவு 63 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது. ஒரு வெப்பமானியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒவ்வாமைப் பட்டியல். இங்கிலாந்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. கோதுமை, முட்டை, பால், மீன், நிலக்கடலை என்பவை எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் கடுகும் எள்ளும் அந்தப் பதினான்கில் உள்ளவை என்பது பலருக்குத் தெரியாது. கடுகு தாளிக்காத சட்னி எது, நல்லெண்ணெய் தொடாத சமையலறை எது? "இதில் ஒன்றுமில்லை, வெறும் மரக்கறி ரோல்ஸ்தான்" என்று எங்கள் பெண்மணி ஒருவர் ஓர் ஆங்கிலேயத் தாயிடம் உறுதியாகச் சொன்னதை நான் ஓடிப்போய்த் திருத்த வேண்டியதாயிற்று. உள்ளே வைத்த கிழங்குக் கறி கடுகு தாளித்தது. ஒவ்வொரு தட்டின் முன்னாலும் ஒரு அட்டை எழுதி வையுங்கள். முட்டை வைத்த நம்மூர்ச் சிற்றுண்டியான மிதிவெடிக்கு அட்டை எழுதும்போது மட்டும், அந்தப் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்காமல் 'முட்டைப் பேஸ்ட்ரி' என்று எழுதுங்கள். காரணம் உங்களுக்கே விளங்கும்.

கடைசியாக மது. உங்கள் மனைவியின் தோழியுடைய கவலை நியாயமானது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் காணும் பெரிய மைதானங்களில், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்த 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. உங்கள் படியில் உள்ள கழகங்களுக்கு இடையிலான ஆட்டங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே பிளாஸ்டிக் கோப்பையில் பியரோடு கம்பியருகே நிற்பவர்களை அவர் நிச்சயம் பார்ப்பார். ஆனால் எதிரணி தேசிய லீக்கின் மேற்பிரிவிலோ (ஐந்தாம் படி) அதற்கு மேலோ உள்ள கழகமாக இருந்தால், அவர்கள் பையன்களை மட்டுமே அனுப்பினாலும், அந்தச் சட்டம் உங்கள் மைதானத்துக்கும் வந்து சேரும். எதிரணி யார் என்று நீங்கள் எழுதவில்லை. அது அப்படிப்பட்ட கழகம் என்றால், மதுச்சாலைத் திரைச்சீலைகளை மூடுவது உட்பட என்ன செய்ய வேண்டும் என்று மன்றத்தின் உரிமப் பிரிவிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். அப்படி இல்லையென்றால், பிள்ளைகளோடு வரும் குடும்பங்களை மதுச்சாலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள மேடையில் நிற்கச் சொல்லுங்கள். எங்கள் கழகத்தில் இப்படித்தான் செய்கிறோம். ஒரு சிக்கலும் வந்ததில்லை.

தென்ஹாரோவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எதிரணி எங்களுக்கு ஒரு படி கீழே உள்ள கழகம். ஆகவே 1985ஆம் ஆண்டுச் சட்டம் எங்களைத் தொடாது என்று நினைக்கிறேன். விதிப்புத்தகத்தை வாங்கி வாசித்தேன். அக்கா சொன்னது போல மீதியைப் பகிர்வதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஊர்க் கழகத்துக்கு ஆடியவர். சுற்றுப்போட்டிகளின் கதையைத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். 2018இல், ஃபிஃபாவில் சேராத அணிகளுக்கான கொனிஃபா உலகக் கிண்ணத்துக்குத் தமிழீழ அணி இங்கே வந்து, இலண்டனைச் சுற்றியிருக்கும் இப்படிப்பட்ட சிறு கழகங்களின் மைதானங்களில் ஆடியபோது மட்டும் அவர் ஒரு முறை போயிருக்கிறார். அதற்குப் பிறகு எந்த மைதானத்துக்கும் போனதில்லையாம். "நமது அணி இல்லாத ஆட்டத்தில் எனக்கென்ன வேலை" என்கிறார். அவரை என்ன சொல்லி அழைப்பது?

பழைய மத்தியஸ்தர்

அவரிடம் வரலாறு பேசாதீர்கள், தம்பி. நான் மேலே எழுதியது எதுவும் அவருக்குத் தேவையில்லை. உங்கள் மகளின் அணிப் பிள்ளைகளைப் பந்து பொறுக்கிக் கொடுப்பவர்களாக நிறுத்த முடியுமா என்று செயலாளரிடம் கேளுங்கள். சிறு கழகங்கள் பலவற்றில் தங்கள் இளையோர் அணிகளை இப்படித்தான் நிறுத்துவார்கள். பிறகு அந்தப் பெரியவரிடம், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள அனுபவமுள்ள ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அதிகாரபூர்வப் பொறுப்பாளராக, கழகத்தின் சிறுவர் பாதுகாப்பு அலுவலர் ஏற்றுக்கொண்ட ஒருவரே இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரியவர் கம்பிக்கு வெளியே நிற்கட்டும். நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும்.

சட்டன் நண்பருக்கும் ஒரு சொல். முக்கிய வீரர்களை நிறுத்திவைப்பது உண்மைதான். ஆனால் மத்தியஸ்தர்களாகிய எங்களுக்கு, கவுண்டிக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு நியமனம் கிடைப்பது பல ஆண்டு உழைப்புக்குப் பின் வரும் மரியாதை. ஆடுபவர்களில் பாதிப்பேர் அதைப் பயிற்சி ஆட்டமாக எண்ணினாலும், விசிலோடு நடுவில் நிற்பவர் அப்படி எண்ணுவதில்லை என்பதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

காவிரிக்கரை சட்டன்காரன்

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அன்றைய ஆட்டத்தில் மிகவும் ஊக்கமாக ஓடியவர் நடுவர்தான் என்று என் நண்பர்களில் ஒருவர்கூடச் சொன்னார். அப்போது அதைக் கிண்டல் என்று நினைத்தேன்.

தென்ஹாரோவாசி

ஆட்டம் முடிந்து மூன்று நாட்கள் ஆகின்றன. கேட்டுவிட்டு நடந்ததைச் சொல்லாமல் போவது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

மழை பெய்யவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கே ஆட்டம் உறுதி என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். மொத்தக் கூட்டம் வழக்கமான சனிக்கிழமையைவிடக் குறைவு என்று வாயிலில் நின்றவர் சொன்னார். எங்கள் பக்கத்திலிருந்து ஐந்து குடும்பங்கள் வந்தன. வருவதாக உறுதியளித்த இன்னும் ஏழு குடும்பங்கள் வரவில்லை. எங்கள் அணி இரண்டு கோல் முன்னிலையில் இருந்து, கடைசிப் பத்து நிமிடங்களில் இரண்டையும் விட்டுக்கொடுத்து, தண்ட உதைகளில் தோற்றது. முக்கிய வீரர்கள் நால்வர் ஆடவில்லை. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் குறைப்படவில்லை.

பெரியவர் வந்தார். முதல் பாதி முழுவதும் ஒன்றும் பேசாமல் நின்றார். இடைவேளையில் எல்லாரும் பக்கம் மாறி நடந்தபோது அவரும் நடந்தார். இரண்டாம் பாதியில் எங்கள் இடதுபுற ஆட்டக்காரர் பந்தை மீண்டும் மீண்டும் நடுவுக்கே கொண்டுபோக, பொறுக்க மாட்டாமல் "கரையால போ தம்பி, கரையால!" என்று ஒரு சத்தம் போட்டார். அந்த இளைஞன் திரும்பிப் பார்த்தான். மொழி விளங்கியிருக்க நியாயமில்லை. ஆனால் பெரியவர் கையால் காட்டிய திசை விளங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை கோட்டை ஒட்டியே ஓடினான். இரண்டாவது கோல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அது தன்னுடைய கோல் என்று பெரியவர் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் மனைவியின் தோழி தன் இரு பிள்ளைகளோடு எதிர்ப்பக்க மேடையில் நின்றார். கால் விறைத்ததைத் தவிர வேறு குறை இல்லை என்றார். மரக்கறி ரோல்ஸ் இடைவேளைக்கு முன்னரே தீர்ந்துவிட்டது. கடுகு அட்டையைப் பார்த்து இருவர் வாங்காமல் விலகினார்கள்; அட்டை வைத்ததற்காகவே அவர்களில் ஒருவர் நன்றி சொன்னார்.

சனிக்கிழமை லீக் ஆட்டங்களுக்கும் ரோல்ஸ் வேண்டும் என்று செயலாளர் இப்போது கேட்கிறார். பதிவுக்கான விண்ணப்பத்தை நேற்று அனுப்பிவிட்டேன். தேநீர்ச் சாளரம் அக்காவிடம் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெப்பப்பெட்டியைச் செருகியவுடன் எங்கள் மைதானத்தின் கோல் கணக்குப் பலகை அணைந்துவிட்டது. இரண்டும் ஒரே மின்சுற்றில் இருக்கின்றன போலும். பெட்டியைக் கழற்றினால் ரோல்ஸ் 63 பாகைக்குக் கீழே இறங்குகிறது. செயற்குழுவோ பலகைதான் முக்கியம் என்கிறது. உங்கள் கழகத்தில் எத்தனை வாட் பெட்டி வைத்திருக்கிறீர்கள்?